சிவில், ஷரீஆ இரண்டையும் சேர்த்துப் படிக்கலாமா? கேளுங்கள், சொல்கிறேன்

மலேசிய அனைத்துலக இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தில், கோம்பாக்கில், எல்.எல்.பி. முடித்து மேலே ஒரு வருடம் ஷரீஆவும், அதாவது இஸ்லாமியச் சட்டமும், படித்தவள் நான். இப்போது இரண்டு கோர்ட்டுக்கும் போகிறேன். வந்த கேள்விகளில் சில.

அக்கா, இது ஆலிம் படிப்பு மாதிரியா?

இல்லை தம்பி. ஒப்பந்தம், குற்றவியல், அரசியலமைப்பு எல்லாம் மற்ற சட்டக் கல்லூரிகளில் உள்ளதுதான். கூடவே உசூலுல் ஃபிக்ஹ் (இஸ்லாமியச் சட்டத்தின் அடிப்படை விதிகள்), நிக்காஹ், தலாக், வாரிசுரிமை. எல்.எல்.பி. நான்கு வருடம். அதை முடித்தால் சி.எல்.பி. என்ற வக்கீல் தகுதிப் பரீட்சை வேண்டாம், ஒன்பது மாதம் சேம்பரிங், அதாவது மூத்த வக்கீலிடம் பயிற்சி, செய்தால் போதும்.

அரபி தெரியாது. சின்ன வயதில் குர்ஆன் ஓதியதோடு சரி.

நானும் அப்படித்தான் போனேன். ஜபர், ஜேர் என்ற உயிர்க்குறிகள் இல்லாத கிதாபை முன்னால் வைத்ததும் ஒரு வரி நகரவில்லை. பழகப் பழக வரும். மலாயை விட்டுவிடாதே, ஷரீஆ கோர்ட்டில் அதுதான் மொழி.

எனக்குக் கணக்கு வராதே, ஃபராயிளுக்கு (வாரிசுப் பங்கு பிரிக்கும் கணக்கு) என்ன செய்வது?

பின்னம் தெரிந்தால் போதும். மவுத்தானவருக்கு மனைவி, தாய், ஒரு மகன், ஒரு மகள் என்று வை. மனைவிக்கு 8-ல் 1, தாய்க்கு 6-ல் 1. மிச்சத்தில் மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒன்று. மொத்தத்தை 72 ஆக்கினால் 9, 12, 34, 17.

பரீட்சையில் இத்தோடு முடிந்தது. தொழிலில் இங்கேதான் தலைவலி. யாருக்கு எவ்வளவு என்ற சான்றிதழ் ஷரீஆ கோர்ட்டில். சொத்தை நிர்வகிக்கும் அதிகாரமோ சிவில் உயர் நீதிமன்றத்தில், சிறிய சொத்தென்றால் நில அலுவலகத்தில். இதற்கெல்லாம் முன்னாடி கடனை அடைக்க வேண்டும். மனைவி "ஹார்த்தா செப்பென்சாரியான்" கேட்கலாம். கணவனும் மனைவியும் சேர்ந்து தேடிய சொத்தில் அவள் பங்கு அது. மலாய் வழக்கத்திலிருந்து சட்டத்துக்குள் வந்தது.

நான் இந்து. சேரலாமா?

தாராளமாக. சிவில் வக்கீலாவதற்குத் தடையில்லை. ஆனால் கோலாலம்பூர் அடங்கிய கூட்டரசுப் பிரதேசத்தில் ஷரீஆ வக்கீலாக முஸ்லிமாக இருக்க வேண்டும். இதே பல்கலைக்கழகத்தில் ஷரீஆ டிப்ளோமா முடித்த விக்டோரியா ஜெயசீலி மார்ட்டின் வழக்காடிப் பார்த்தார். 2016-ல் நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றத்தில் 3-க்கு 2 என்று தோற்றார். எனக்கு அந்தத் தீர்ப்பில் உடன்பாடில்லை.

அதற்காகப் படிப்பு வீண் என்று நினைக்காதே. ஷரீஆ கோர்ட்டின் அதிகாரத்துக்குள் வரும் விஷயத்தில் சிவில் கோர்ட் தலையிட முடியாது என்ற 121(1ஏ) பிரிவு அரசியலமைப்பில் 1988-ல் வந்தது. ஈப்போவைச் சேர்ந்த இந்திரா காந்தி என்ற இந்துத் தாயின் வழக்கில் முட்டிக்கொண்டது அங்கேதான். முஸ்லிமாக மாறிய கணவர் தாயைக் கேட்காமல் பிள்ளைகளை மதம் மாற்றியது செல்லாது என்று 2018-ல்தான் தீர்ப்பு வந்தது. இரண்டு பக்கமும் தெரிந்த இந்து வக்கீல்கள் இன்னும் நிறைய வேண்டும்.

எங்களுடையது ராவுத்தர் வீடு, ஹனஃபி மத்ஹப் (சட்டப் பிரிவு). மலேசியாவில் எல்லாம் ஷாஃபி மத்ஹபாமே?

பெரும்பாலும். வயது வந்த பெண் வலி (பெண்ணின் காப்பாளர்) இல்லாமல் நிக்காஹ் செய்யலாம் என்ற ஹனஃபி கருத்தைப் பாடத்தில் படிப்பாய். மலேசியச் சட்டத்தில் வலி கட்டாயம்.

நான் நாகூர். படித்துவிட்டு ஊரில் பிராக்டிஸ் செய்ய முடியுமா?

இந்திய பார் கவுன்சில் அந்தப் பட்டத்தை ஏற்க வேண்டும், தகுதித் தேர்வும் உண்டு. பணம் கட்டும் முன் அவர்களுக்கு எழுதிக் கேள். இன்னொன்று, நம்மூரில் அரசு ஷரீஆ கோர்ட்டே கிடையாது. 1937 ஷரியத் சட்டப்படி சாதாரண சிவில் கோர்ட்தான் தீர்ப்புச் சொல்கிறது. ஊருக்குத் திரும்புவதுதான் திட்டமென்றால், அங்கேயே சட்டம் படித்து, அரபியைத் தனியாகக் கற்றுக்கொள்.