பெனடிக்கும் பியாட்ரிஸும் காதலித்தார்களா, ஏமாந்தார்களா?

கேள்வி: ஷேக்ஸ்பியரின் 'மச் அடூ அபவுட் நத்திங்' நாடகத்தில், நண்பர்கள் பொய் சொல்லித்தானே பெனடிக்கையும் பியாட்ரிஸையும் சேர்த்துவைக்கிறார்கள்? அதை எப்படிக் காதல் என்று சொல்வது?

காதல்தான். பொய்க்கு முன்பே அது இருந்தது. சொல்ல இருவருக்கும் பயம், அவ்வளவுதான்.

முதல் காட்சியைப் பாருங்கள். போர் முடிந்து படை மெசினாவுக்கு வருகிறது என்று ஆள் வந்து சொல்கிறான். பியாட்ரிஸ் வாயைத் திறந்து கேட்கும் முதல் கேள்வியே பெனடிக்கைப் பற்றித்தான். கிண்டலாகப் பட்டப்பெயர் வைத்துத்தான் கேட்கிறாள், ஆனாலும் அத்தனை பேரில் அவள் விசாரிப்பது அவனை. இரண்டாம் அங்கத்தில் இன்னொரு வசனம் வரும். அவன் தன் மனதைக் கொஞ்ச நாள் எனக்குக் கடனாகத் தந்தான், நான் வட்டியோடு இரண்டு மடங்காகக் கொடுத்தேன், ஆனால் முன்பே ஒருமுறை கள்ளப் பகடை உருட்டி என் மனதை ஜெயித்தவன் அவன் என்பாள். போகிற போக்கில் வருவதால் பலர் தாண்டிப் போய்விடுவார்கள். இவளுக்கு ஏற்கெனவே அடிபட்டிருக்கிறது. அந்த வாய்த்துடுக்கெல்லாம் அதனால் வந்தது என்றுதான் நான் நினைக்கிறேன்.

அப்புறம் தோட்டத்துக் காட்சி. பெனடிக் பந்தலுக்குள் ஒளிந்திருப்பது தெரிந்தே இளவரசன் டான் பெட்ரோவும் மெசினாவின் ஆளுநர் லியோனாட்டோவும் நண்பன் கிளாடியோவும் சத்தமாகப் பேசுகிறார்கள்: பியாட்ரிஸ் இவன்மேல் உயிரையே வைத்திருக்கிறாள், ஆனால் இவன் கேலி செய்வான் என்று சொல்லாமல் இருக்கிறாள். எல்லோரும் போன பிறகு அவன் தனியாகப் பேசுவதைக் கவனித்துப் படியுங்கள். 'என்னைத் திமிர் பிடித்தவன் என்கிறார்களே, அப்படி இருக்கக் கூடாது, தன் குறையைக் கேட்டுத் திருத்திக்கொள்பவன் கொடுத்துவைத்தவன்' என்கிறான். பியாட்ரிஸும் அப்படியே. ஹீரோவும் உர்சுலாவும் அவள் காதில் விழப் பேசியதும், 'நான் அவ்வளவு கர்வக்காரியா?' என்றுதான் கேட்டுக்கொள்கிறாள். (ஹீரோ என்பது இங்கே பெண் பெயர், லியோனாட்டோவின் மகள்.)

நான் தண்டையார்பேட்டையில் கல்லூரிப் பிள்ளைகளோடு சேர்ந்து நாடகங்களைத் தமிழில் வாசித்து நடித்துப் பார்க்கிறேன். இடம் ஒரு மொட்டைமாடி. பந்தலுக்குப் பதில் கொடியில் காயப்போட்ட போர்வை. பெனடிக்காக நடித்த தம்பி போர்வைக்குப் பின்னாலிருந்து முகமெல்லாம் பல்லாக வருகிறான். பியாட்ரிஸுக்கு இன்னும் எதுவும் தெரியாது. 'எனக்கு இஷ்டமில்லாமத்தான் அனுப்பியிருக்காங்க, சாப்பிட வா' என்று முறைத்துவிட்டுப் போகிறாள். அவன் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்து, இதில் வேறு அர்த்தம் இருக்கிறது என்று உருகுகிறான். 1600-இல் அச்சான நாடகம், கீழே எம்.சி. ரோடுக்கே கேட்டிருக்கும், அப்படிச் சிரித்தார்கள்.

ஆனால் இதே நாடகத்தில் இன்னொரு பொய்யும் இருக்கிறது. டான் பெட்ரோவின் பொல்லாத தம்பி டான் ஜான் கிளாடியோவிடம், நீ கட்டிக்கப்போகும் ஹீரோ கெட்டவள், ராத்திரி வந்து ஜன்னலைப் பார் என்கிறான். ஜன்னலில் இருப்பது தோழி மார்கரெட். அவளை ஹீரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பேச டான் ஜானின் ஆள் போராச்சியோவுக்குக் கூலி ஆயிரம் டுகாட் பொற்காசு. இதுவும் ஒளிந்திருந்து பார்ப்பது, கேட்பதுதான். கிளாடியோ என்ன செய்கிறான்? பார்க்கப் போவதற்கு முன்பே, தப்பாக எதையாவது பார்த்தால் நாளைக்குச் சபையில் வைத்து மானத்தை வாங்குவேன் என்று சொல்லிவிடுகிறான். சொன்னபடியே கல்யாண மேடையில் செய்கிறான். அதற்கு அப்புறம்தான் அவளிடம் கேள்வியே கேட்கிறான். அவள் சொன்ன பதிலையும் நம்பவில்லை.

எங்கள் பக்கம் லைன் வீடுகளில் ஒரு வீட்டுப் பேச்சு நாலு வீட்டுக்குக் கேட்கும். குழாயடியில் யாரோ போட்ட ஒரு வார்த்தையால் நிச்சயம் செய்த கல்யாணம் நின்றுபோனதை இங்கே வளர்ந்த எல்லோரும் கேள்விப்பட்டிருப்பார்கள். அதனால்தானோ என்னவோ, அந்தக் காட்சியில் மாடியில் ஒருவரும் சிரிக்கவில்லை. ஒரு பெண் கேட்டாள்: "ஏன்க்கா, இவன் முந்தின நாளே நேரா அவகிட்டப் போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

அதே காட்சியின் கடைசியில் பெனடிக் கேட்கிறான். பியாட்ரிஸ் அழுதுகொண்டே 'கிளாடியோவைக் கொல்' என்கிறாள். உலகத்தையே கொடுத்தாலும் மாட்டேன் என்கிறான் முதலில், நண்பன் அல்லவா? பிறகு ஒரே கேள்வி: கிளாடியோ ஹீரோவுக்கு அநியாயம் செய்துவிட்டான் என்று உன் ஆத்மாவில் நினைக்கிறாயா? ஆமாம் என்கிறாள். போதும், அவனைச் சண்டைக்கு அழைக்கிறேன் என்று கிளம்பிவிடுகிறான். அவளுக்காக அவன் செய்வதில் பெரியது இது. இதைச் செய் என்று தோட்டத்தில் யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

கிளாடியோவை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. கல்யாண மேடையில் மயங்கி விழுந்த ஹீரோ செத்துவிட்டாள் என்றே அவனை நம்பவைத்திருந்தார்கள். கடைசியில் முக்காடு விலகி அவள் உயிரோடு நிற்கும்போது, அவளிடம் மன்னிப்புக் கேட்டு அவன் பேசுவதாக ஒரு வரிகூட இல்லை. ஷேக்ஸ்பியர் எழுதியதாக இருந்தாலும் அது குறைதான்.

உங்கள் கேள்விக்கு நேரான பதில் கடைசிக் காட்சியில் இருக்கிறது. பெனடிக், பியாட்ரிஸ் இருவருக்கும் குட்டு தெரிந்துபோகிறது. உடனே இருவரும் பின்வாங்குகிறார்கள், காதலா, அதெல்லாம் இல்லை, சும்மா நட்புதான் என்று. அப்போது கிளாடியோ, பெனடிக் தன் கையால் எழுதிய கவிதையை எடுத்து நீட்டுகிறான். ஹீரோ, பியாட்ரிஸின் பையிலிருந்து எடுத்த ஒன்றை நீட்டுகிறாள். பொய்யைச் சொன்னது நண்பர்கள், கவிதையை எழுதியது இவர்கள். மறுக்க வழியில்லை. அப்போதும் பியாட்ரிஸ் விடுவதாக இல்லை: உன் உயிரைக் காப்பாற்றத்தான் பாதி சம்மதிக்கிறேன், நீ காசநோய் வந்து கிடக்கிறாய் என்றார்களே!