டுப்ரோவ்னிக்கில் கப்பல் நிற்கும் ஒரு நாளை எப்படிக் கழிக்கலாம்?

கேட்டவர் ஜூன் மாதம் அட்ரியாடிக் க்ரூஸ் போகிறாராம். குரோஷியாவின் டுப்ரோவ்னிக்கில் காலை முதல் மாலை வரைதான் கப்பல் நிற்கும், கப்பல்காரர்கள் விற்கும் டூரை எடுக்கலாமா, நாமே சுற்றலாமா, பழைய நகரத்தைச் சுற்றியுள்ள மதில் மேல் நடக்க அவ்வளவு காசு கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறார்.

நாமே சுற்றலாம். கொடுக்கலாம். ஆனால் எந்த வாசலில் ஏறுகிறீர்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளம்.

நான் பினாங்குக்காரன். லிட்டில் இந்தியாவில், சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலிருந்து நடந்து வரும் தூரத்தில், எங்கள் குடும்பத்துக்கு ஒரு துணிக்கடை இருக்கிறது. கப்பல் வந்த நாளென்றால் காலை ஒன்பதரைக்கே அஞ்சடியில் (கடைகளுக்கு முன்னால் உள்ள நடைபாதை) தெரிந்துவிடும். கழுத்தில் அட்டை, கையில் தண்ணீர் போத்தல், கொடி பிடித்தவர் பின்னால் நாற்பது பேர். ஆர்மீனியன் தெருவில் சைக்கிள் ஓவியத்தின் முன் ஒரு படம், திரிஷா என்ற மூன்று சக்கர சைக்கிள் வண்டியில் ஒரு சுற்று, கார்ன்வாலிஸ் கோட்டை, நாலு மணிக்கு ஒருத்தரையும் காணோம். இவர்கள் என்னத்தைப் பார்த்தார்கள் என்று இருபது வருடமாகக் கிண்டலடித்தவன், 2024 மே மாதம் நானே கழுத்தில் அட்டையோடு டுப்ரோவ்னிக்கில் இறங்கினேன். மனைவி அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

பெரிய கப்பல்கள் பழைய நகரத்தின் பக்கத்தில் நிற்பதில்லை. க்ரூஷ் என்ற துறைமுகத்தில் நிற்கும், அங்கிருந்து மூன்று கிலோமீட்டர். ஊர்ப் பேருந்து 1ஏ, 1பி இரண்டும் பீலே வாசலுக்குப் போகின்றன. கப்பல்காரர்களின் ஷட்டில் எதற்கு? எங்கள் கப்பலில் அதற்குத் தனிக் காசு கேட்டார்கள், காசு கட்டியவர்களையும் தியேட்டருக்குள் உட்காரவைத்து நம்பர் கூப்பிட்டார்கள். நாங்கள் கப்பலிலேயே ஏழு மணிக்குப் பசியாறிவிட்டு நேராக இறங்கி நடந்து பேருந்து ஏறினோம். எட்டுக்கு முன்னாலேயே பீலே வாசலில் நின்றோம்.

இங்கேதான் எல்லாரும் செய்யும் தப்பு. பீலே வாசலை ஒட்டியே மதிலுக்கு ஏறும் படி இருக்கிறது, கண்டதும் ஏறிவிடுகிறார்கள். ஏறாதீர்கள். மதிலின் மேல் ஒரே திசையில்தான் நடக்கவிடுவார்கள், கடிகாரம் சுற்றுவதற்கு எதிர்ப்பக்கமாக. பீலேயில் ஏறினால் முதலில் கடலோரம், கடைசியில் வெயில் ஏறிய பிறகு மின்செட்டா கோபுரத்துக்கு மூச்சு வாங்க ஏற வேண்டும். அதனால் நகரத்தைக் குறுக்கே நடந்து மறுகோடியில் உள்ள ப்ளோச்சே வாசலுக்குப் போய் ஏறுங்கள். ஏற்றம் முதலிலேயே முடிந்துவிடும், பிறகு இறக்கமும் கடல் காற்றும்தான்.

குறுக்கே நடப்பது என்றால் பெரிய தூரமில்லை. ஸ்த்ராதூன் என்ற அந்தப் பெரிய தெரு முந்நூறு மீட்டர் இருக்கும். கால் பட்டுப் பட்டுச் சுண்ணாம்புக்கல் கண்ணாடி மாதிரி பளபளக்கிறது, காலையில் கழுவிவிட்டிருந்தார்கள் என்றால் வழுக்கும், ரப்பர் செருப்பு வேண்டவே வேண்டாம். 1667 நிலநடுக்கத்தில் ஊரே சரிந்து, ஏறத்தாழ 5,000 பேர் செத்த பிறகு, இந்தத் தெருவை ஒரே அச்சில் வார்த்ததுபோலத் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். கடைக்காரன் கண்ணுக்கு ஒன்று உடனே பட்டது. கதவும் ஜன்னலும் ஒரே வளைவுக்குள் இருக்கின்றன, ஜன்னலின் கீழ்த்திண்டுதான் கல்லா. வாடிக்கையாளர் உள்ளே வராமலே வாங்கிப் போகலாம். நம் அஞ்சடிக்கு அண்ணன் முறை.

பீலே பக்கத்தில் 1438இல் கட்டிய பதினாறு குழாய் நீர்த்தொட்டி இருக்கிறது, பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி இருந்த ஊற்றிலிருந்து அந்தக் காலத்திலேயே தண்ணீர் கொண்டுவந்தார்கள். இன்றும் குடிக்கலாம், போத்தலை அங்கேயே நிரப்பிக்கொண்டு நடங்கள்.

மதில் 1,940 மீட்டர், சில இடங்களில் 25 மீட்டர் உயரம். நாங்கள் போனபோது ஆளுக்கு 35 யூரோ, நம் காசுக்கு 175 மலேசிய வெள்ளிக்கு மேல். இப்போது கூடியிருக்கும். அதே விலைக்கு ஒரு நாள் பாஸ் விற்றார்கள், அதில் மதிலோடு சில மியூசியங்களும் பேருந்தும் சேர்த்தி. மதிலுக்கு மட்டும் சீட்டு வாங்கி ஏமாறாதீர்கள்.

மேலே ஏறினால் கடலைத்தான் எல்லாரும் படம் பிடிக்கிறார்கள். நீங்கள் கூரைகளைப் பாருங்கள். குரோஷியா பிரிந்தபோது நடந்த போரில், ஊரை முற்றுகையிட்ட யூகோஸ்லாவிய ராணுவம் 1991 டிசம்பர் 6 அன்று மலையிலிருந்து குண்டு பொழிந்தது, அந்த முற்றுகையில் பழைய நகரத்தின் கட்டடங்களில் மூன்றில் இரண்டு பங்கு அடி வாங்கியது. பளிச்சென்ற ஆரஞ்சு ஓடு போருக்குப் பிறகு போட்டது, மங்கிப்போன ஓடு தப்பித்தது. மங்கிய ஓடுகளை எண்ண ஆரம்பித்தேன், சீக்கிரமே முடிந்துவிட்டது.

பீலேக்கு வெளியே பாறை மேல் லொவ்ரியெனாட்ஸ் கோட்டை தெரியும். உலகத்துத் தங்கம் அத்தனையும் கொடுத்தாலும் சுதந்திரத்தை விற்பது நல்லதல்ல என்று லத்தீனில் அதன் வாசல் மேல் வெட்டிவைத்திருக்கிறார்கள். அதே ஆட்கள்தான் ஓட்டோமான் சுல்தானுக்கு ஆண்டுக்கு 12,500 தங்கக் காசு கப்பம் கட்டினார்கள். விற்கவில்லை, வாடகை கட்டினார்கள். மதில் எவ்வளவு காப்பாற்றியதோ அந்தக் கணக்கு அவ்வளவு காப்பாற்றியிருக்கும். டுப்ரோவ்னிக் அப்போது தனிக் குடியரசு. கடைசியில் அதைக் கலைத்தது நெப்போலியன் ஆட்சிதான், 1808இல்.

ஒன்றரை மணி நேரத்தில் சுற்றி முடித்து ப்ளோச்சேயிலேயே இறங்குவீர்கள். அப்போது கூட்டம் உள்ளே நெருக்கித் தள்ளிக்கொண்டிருக்கும் (ஒரே நேரத்தில் இரண்டு கப்பலுக்கு மேல் வேண்டாம் என்று நகராட்சி 2019இல் கட்டுப்பாடு வைத்தும் அப்படித்தான்). நீங்கள் உள்ளே போகாமல், வாசலைத் தாண்டி வெளியே நடங்கள். கடலைப் பார்த்தபடி வரிசையாகக் கல் கூடங்கள், இடையிடையே முற்றங்கள். லாசரேட்டி என்பார்கள், நோய் பரவாமலிருக்க வருகிறவர்களை ஒதுக்கிவைத்த இடம். கப்பல் கூட்டம் பெரும்பாலும் பீலேயோடு திரும்பிவிடுவதால் இங்கே ஆள் குறைவு.

கொள்ளைநோய் ஊரிலிருந்து வருகிறவர் ஒரு மாதம் வெளியே இருந்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்று 1377இலேயே சட்டம் போட்ட ஊர் இது. முதலில் பக்கத்துத் தீவுகளில் வைத்தார்கள், இந்தக் கூடங்கள் பின்னால் வந்தவை. ஓட்டோமான் பக்கத்திலிருந்து வரும் வியாபாரிகள் சரக்கோடு இங்கேதான் காத்துக்கிடந்தார்கள். மதில் கண்ணுக்கு எதிரே, உள்ளே போக முடியாது.

அங்கே உட்கார்ந்தபோது எனக்குத் தாத்தா ஞாபகம் வந்துவிட்டது. நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி வந்தவர். டெக் பயணிகளைப் பினாங்கில் நேராக இறக்கவில்லை, பக்கத்திலுள்ள ஜெரெஜாக் தீவில் இறக்கினார்கள். அதைக் ‘கொராண்டி’ (குவாரன்டைன்) என்றுதான் சொல்வார். துணியை எல்லாம் வாங்கி ஆவியில் வேகவைத்தார்களாம், திரும்பி வந்த வேட்டி முழங்கால் வரைதான் இருந்ததாம். எதிரே பினாங்கு மலையில் விளக்கு தெரியும், போக முடியாது என்பார். இதைச் சின்ன வயதில் நூறு தடவை கேட்டிருக்கிறேன், வேட்டி கதைக்குச் சிரித்ததோடு சரி. ஜெரெஜாக்கைப் பாலத்தில் போகும்போதெல்லாம் பார்க்கிறேன், ஒரு தடவைகூடப் போனதில்லை. டூர் எடுத்திருந்தால் அந்த முக்கால் மணி நேரம் கிடைத்திருக்காது, கொடிக்காரர் கிளம்பச் சொல்லியிருப்பார்.

சாப்பாட்டுக்குப் பெரிய தெருவில் உட்காராதீர்கள், விலை கண்ணைக் கட்டும். சந்துகளில் ரொட்டிக்கடை இருக்கிறது. நாங்கள் வாங்கிய ரொட்டிக்குள் பையிலிருந்த சம்பலைத் தடவிச் சாப்பிட்டோம், மனைவி வீட்டிலிருந்தே கட்டிவந்திருந்தாள். மதியம் பிரான்சிஸ்கன் மடத்து மருந்துக்கடையை எட்டிப்பாருங்கள், 1317இல் தொடங்கியது. மற்ற மியூசியங்களை நாங்கள் பார்க்கவில்லை, கால் ஓய்ந்துவிட்டது.

திரும்புவதை மட்டும் கடைசி நிமிடத்துக்கு விடாதீர்கள். நாலரைக்குள் ஏறவேண்டும் என்றார்கள், மூன்றேகாலுக்கு பீலேயில் பேருந்துக்கு நின்றோம். முதல் வண்டியில் கால் வைக்க இடமில்லை, இரண்டாவதில் தொற்றிக்கொண்டால் அந்த மூன்று கிலோமீட்டரும் ஒரே நெரிசல், பாதியிலேயே இறங்கி நடந்தோம். கப்பல் படிக்கட்டை அடைந்தபோது மணி நாலு பத்து. எங்களுக்குப் பின்னால் இன்னும் ஒரு கூட்டம் மூச்சிரைக்க ஓடி வந்துகொண்டிருந்தது.