அக்கா ஏன் சொல்லிக்காட்டுகிறார்?

கேள்வி: எனக்கு 31 வயது. ஹட்டனில் ஒரு வங்கியில் வேலை. பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவன். அப்பா சிறு வயதிலேயே இறந்துவிட்டார். என்னைவிட ஏழு வயது மூத்த அக்கா 2009இல் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனார். 2018 வரை அவர் அனுப்பிய காசில்தான் உயர்தரமும் பேராதனைப் பல்கலைக்கழகமும் முடித்தேன். எனக்கு நன்றி இல்லாமல் இல்லை. மாதா மாதம் அவர் கணக்குக்குப் பணம் போடுகிறேன். ஆனால் வீட்டுக்கு வந்தால் மனைவி முன்னால், ஒரு தடவை மாமனார் மாமியார் முன்னாலேயே, "நான் கக்கூஸ் கழுவுன காசுல படிச்சவன் இவன்" என்று சொல்லிக்காட்டுகிறார். கல்யாணம் பேசும்போது அக்கா குவைத்தில் என்ன வேலை செய்தார் என்று நாங்கள் விரிவாகச் சொல்லவில்லை. அதனால் மனைவிக்கும் சங்கடம். புது வீட்டில் பால் காய்ச்சிய அன்று ஆபீஸ் ஆட்கள் வந்திருந்தார்கள். அக்கா சமையலறையில் உதவியாக இருந்தார். சாப்பிடாமலே போய்விட்டார். அவர் சுபாவம் அப்படி. அவர் இடத்தில் என்னை வைத்தும் யோசித்துப் பார்த்தேன். நானாக இருந்தால் செய்ததைச் சொல்லிக்காட்டவே மாட்டேன். அக்காவை மாற்ற என்ன வழி?
- பெயர் வேண்டாம், ஹட்டன்

பதில்: தம்பி, உங்கள் கடிதம் நாலு பக்கம். இங்கே சுருக்கித்தான் போட்டிருக்கிறோம். அக்கா என்ன பேசினார், எப்போது, யார் முன்னால் என்பதற்கே மூன்று பக்கத்துக்கு மேல் போய்விட்டது. பால் காய்ச்சிய நாளுக்கு மூன்றே வரி. "அக்கா சமையலறையில் உதவியாக இருந்தார்" என்ற இடத்தில் நான் நின்றுவிட்டேன். அவராகப் போனாரா, யாராவது போகச் சொன்னார்களா? ஆபீஸ் ஆட்கள் வந்ததும் "இதுதான் எங்க அக்கா" என்று கூட்டி வந்து காட்டினீர்களா? கடிதத்தில் இல்லை. காட்டியிருந்தால் எழுதியிருப்பீர்கள்.

உங்களைக் கூண்டில் ஏற்றுவதற்காகக் கேட்கவில்லை. அன்றைக்கு உங்களுக்குத் தலைக்கு மேல் வேலை இருந்திருக்கும். ஐயர் வந்தாரா, வாழை இலை போதுமா, மேனேஜரை எங்கே உட்காரவைப்பது. யாராவது கேட்டால், "அந்த அவசரத்துல மறந்துட்டேன்" என்பீர்கள். அது பொய்யாகவும் இருக்காது. ஆனால் அக்கா சாப்பிடாமல் போனதற்கு மட்டும் "அவர் சுபாவம் அப்படி" என்று மூன்றே சொல்லில் தீர்ப்பு எழுதிவிட்டீர்கள். நாம் செய்தால் அதற்கொரு சூழ்நிலை, அடுத்தவர் செய்தால் அது அவர் குணம். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்று நம் பாட்டிமார் சொன்னதும் இந்த ஓரவஞ்சனையைத்தான். அடுத்தவர் செய்கைக்குக் காரணம் தேடும்போது சூழ்நிலையை விட்டுவிட்டுக் குணத்தையே பிடித்துக்கொள்வதை மனிதருக்குள்ள அடிப்படைப் பிழை என்றே 1977இல் எழுதினார் அமெரிக்க உளவியலாளர் லீ ராஸ். படித்தவர், படிக்காதவர் என்ற பேதமெல்லாம் இதற்குக் கிடையாது.

அடுத்தது, அவர் இடத்தில் உங்களை வைத்துப் பார்த்தேன் என்கிறீர்களே, அது. நல்ல மனதோடுதான் செய்திருக்கிறீர்கள். ஆனால் அக்காவின் இடத்தில் நீங்கள் வைத்தது யாரை? பட்டம் வாங்கி, மாதச் சம்பளம் எடுத்து, ஹட்டனில் சொந்த வீட்டில் பால் காய்ச்சிய ஓர் ஆளை. அந்த ஆள் ஏன் சொல்லிக்காட்டப் போகிறார்? அவருக்குத்தான் வேண்டியதெல்லாம் கிடைத்துவிட்டதே.

டால் எயால், மேரி ஸ்டெஃபல், நிக்கலஸ் எப்லி என்ற மூன்று ஆய்வாளர்கள் 25 பரிசோதனைகள் நடத்தி 2018இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். "அவர் இடத்தில் உன்னை வைத்து யோசி" என்று சொல்லிப் பார்த்ததில், அடுத்தவர் மனதை ஆட்கள் முன்னைவிடச் சரியாகக் கணிக்கவில்லை. சில சமயம் கணிப்பு தப்பாகவே இருக்க, தான் நினைப்பதுதான் சரி என்ற நம்பிக்கை மட்டும் கூடியிருந்தது. எது கைகொடுத்தது என்றால், அந்த ஆளிடமே கேட்டுத் தெரிந்துகொண்டது. இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் ஒன்பது வருடம் அக்கா அங்கே எப்படி இருந்தார் என்று நீங்கள் எப்போதாவது உட்கார்ந்து கேட்டதுண்டா? நாலு பக்கத்தில் குவைத் பற்றி ஒரு விவரம்கூட இல்லை. எந்த ஊர், வீட்டில் எத்தனை பேர், எங்கே படுத்தார், எதுவுமே இல்லை.

2009இல் தோட்டத்துச் சம்பளம் என்ன? அந்த வருடக் கூட்டு ஒப்பந்தப்படி அடிப்படை நாட்சம்பளம் 285 ரூபா. வரவுக்கான கொடுப்பனவும் மற்றதும் சேர்த்தால் 405. அம்மா மாதம் 25 நாள் மலைக்குப் போனாலும் பத்தாயிரம் சொச்சம்தான், அதிலும் சேமலாப நிதிக்கு வெட்டு, கடைக்கடன். பத்தாம் வகுப்பைத் தாண்டி ஒரு பிள்ளையைப் படிக்கவைக்க அது காணாது. அந்தக் கணக்கைப் பார்த்துவிட்டுத்தான் 22 வயதுப் பெண் விமானம் ஏறியிருக்கிறார். விரும்பிப் போனாரா, அனுப்பிவைத்தார்களா என்பதுகூட எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமா?

அரைப்பேர் உங்களுக்குப் புதிதில்லை. காலையில் பெரட்டுக்கு, ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்குப் போய், அட்டைக்கடியும் மழையுமாக மலையில் நின்று, சாயந்தரம் நிறுவையில் இரண்டு கிலோ குறைந்தால் கணக்கப்பிள்ளை அரைப்பேர் போட்டுவிடுவார். நின்றது முழு நாள், செக்ரோல் பதிவேட்டில் ஏறுவது பாதி நாள். அன்றைக்கு அம்மா வீட்டுக்கு வந்து யார் மேல் எரிந்து விழுந்தார்? கணக்கப்பிள்ளை மேலா? கூடையைப் போட்ட கையோடு பிள்ளைகள் மேல்தானே? அக்காவின் ஒன்பது வருடத்துக்கும் உங்கள் வீட்டில் அரைப்பேர்தான் விழுந்திருக்கிறது என்று எனக்குப் படுகிறது. மாதப் பணம் போகிறது, சரி. அதை நிறுத்த வேண்டாம். ஆனால் பணம் போனில் ஒரு மெசேஜாக வந்து விழுகிறது. ஆள் வருவதில்லை. கல்யாணம் பேசியபோது அவர் வேலையை மறைத்தீர்கள். பால் காய்ச்சியபோது அவரையே மறைத்தீர்கள். உங்கள் வாயால் யாரும் கேட்காத ஒன்றை அவர் தன் வாயாலேயே சொல்லிக்கொள்கிறார். அதுவும் எந்தச் சொல்லில்? நீங்கள் எதற்கு வெட்கப்படுகிறீர்களோ, சரியாக அந்தச் சொல்லில்.

குவைத்துக்குப் போய் வந்த பெண் என்றால் ஊர் வாய் என்னவெல்லாம் பேசும் என்று உங்களுக்குத் தெரியும். அதற்குப் பயந்துதானே சம்பந்தி வீட்டில் மூடி மறைத்தீர்கள். நீங்கள் மறைத்ததை, ஊர் சொன்னதை நீங்களும் ஒத்துக்கொண்டதாக அவர் எடுத்திருக்கலாம். இதுவும் என் ஊகம்தான். அவரிடம் கேட்காமல் எனக்கும் தெரியாது.

ஆகவே போய்க் கேளுங்கள். ஹட்டனிலிருந்து டிக்கோயா, நோர்வூட் தாண்டிப் போகிற பஸ்தானே. மனைவியைக் கூட்டிக்கொண்டு போக வேண்டாம், இந்தத் தடவை தனியாகப் போங்கள். பெட்டி நிறைய சாமான் வாங்கிக்கொண்டும் போகாதீர்கள். "ஏன் அப்படிப் பேசுறீங்க?" என்று ஆரம்பித்தால் பத்தே நிமிடத்தில் சண்டையோடு திரும்பி வருவீர்கள். சின்ன விஷயங்களைக் கேளுங்கள். அங்கே காலையில் எத்தனை மணிக்கு எழும்ப வேண்டும்? சமைத்ததை அவர்களோடு சாப்பிட விட்டார்களா, தனியாகவா? பாஸ்போர்ட் யார் கையில் இருந்தது? தம்பி கம்பஸுக்கு எடுபட்ட செய்தி வந்தபோது என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? முகத்துக்கு முகம் உட்கார்ந்து கேட்டால் நம் பெண்கள் பேச மாட்டார்கள். அவர் ரொட்டி தட்டும்போது தேங்காயைத் துருவிக்கொண்டு கேளுங்கள். லயத்தில் பக்கத்துக் காம்பராவுக்கு எல்லாம் கேட்கும். அந்தக் கூச்சம் அவருக்கு இருந்தால் ஆற்றுப் பக்கம் நடந்து போங்கள்.

கேட்டதற்கு மறுமொழி சொல்ல அவசரப்படாதீர்கள். "அப்ப நான் சின்னப் பையன், எனக்கென்ன தெரியும்" என்ற வாக்கியம் வாய்வரை வரும். அது உண்மைதான், ஆனாலும் அன்றைக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மனைவியைப் பற்றி இரண்டு வார்த்தை. தொடர்பை வெட்டிவிடலாம் என்று அவர் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். அவரைக் கோபிக்க எனக்கு மனம் வரவில்லை. அவருக்குத் தெரிந்த அக்கா, வந்தால் கத்துகிற ஒரு பெண். வேறு அக்காவை நீங்கள் அவருக்குக் காட்டவே இல்லை. "கொஞ்சம் அனுசரிச்சுப் போ" என்று அவரிடம் கேட்பதற்கு முன், 2009இலிருந்து நடந்ததை ஒளிவுமறைவில்லாமல் சொல்லுங்கள். அமெரிக்காவில் ஈலை ஃபிங்கல் என்பவரும் கூட்டாளிகளும் 120 தம்பதிகளை இரண்டு வருடம் கவனித்து 2013இல் எழுதியது நினைவுக்கு வருகிறது. முதல் வருடம் எல்லாருக்கும் இல்லற நிறைவு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. இரண்டாம் வருடத்தில் பாதிப் பேருக்கு மட்டும் ஒரு சின்ன வேலை: அண்மையில் போட்ட சண்டையை, இருவருக்கும் நல்லது நினைக்கும் மூன்றாம் ஆள் எப்படிப் பார்த்திருப்பார் என்று ஏழு நிமிடம் எழுத வேண்டும், வருடத்தில் மூன்று தடவை. எழுதியவர்களுக்கு அந்த இறக்கம் நின்றது. அது தம்பதிகளுக்கான ஆய்வு, அக்கா தம்பிக்கு அப்படியே பொருந்தும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனாலும் பால் காய்ச்சிய நாளை நீங்களும் மனைவியும் தனித்தனியாக, கொல்லையில் பாத்திரம் கழுவியபடி எல்லாவற்றையும் பார்த்த ஒரு பெரியம்மா இருந்ததாக வைத்துக்கொண்டு, அவர் கண்ணால் எழுதிப் பாருங்கள். நஷ்டமில்லை.

அக்கா பக்கம் தப்பே இல்லை என்றும் நான் சொல்ல வரவில்லை. மாமனார் மாமியார் முன்னால் அப்படிப் பேசியது தப்பு. நீங்கள் கூசிப்போனதும் நியாயம். பார்வையை மாற்றுவது என்றால் எதற்கும் தலையாட்டுவது என்று சிலர் எடுத்துக்கொள்கிறார்கள், குறிப்பாக வீட்டில் அடி வாங்கும் பெண்களுக்கு இந்த அறிவுரையைச் சொல்கிறார்கள். அது அயோக்கியத்தனம். உங்கள் கதை அது இல்லை. அவர் பேச்சை முழுதாகக் கேட்டு முடித்த பிறகு, அடுத்த தடவையோ அதற்கடுத்த தடவையோ, "நீங்க அப்படிச் சொன்னது எனக்கு வலிச்சது அக்கா" என்று சொல்லலாம். சொல்லவும் வேண்டும். ஆனால் வரிசை மாறக்கூடாது.

ஒன்று கேட்கட்டுமா? வெளிநாட்டுக் காசு எடுக்க உங்கள் கவுண்டருக்கு வருகிற தோட்டத்து அம்மாமார், படிவம் நிரப்பத் தெரியாமல் நிற்கும்போது எப்படிப் பேசுகிறீர்கள்? அக்காவின் கதையைக் கேட்ட பிறகு அந்தக் குரல் மாறுகிறதா என்று கவனியுங்கள். அக்காவை மாற்ற வழி கேட்டீர்கள். அது என் கையிலும் இல்லை, உங்கள் கையிலும் இல்லை. அந்தக் குரல் உங்கள் கையில் இருக்கிறது.

முதல் நாள் அக்கா சந்தேகப்படுவார். "இப்ப என்னத்துக்குடா இதெல்லாம் கேக்குற, பணம் ஏதும் வேணுமா?" என்றுகூடக் கேட்பார். சிரித்து மழுப்பாதீர்கள். "வீட்டுல கேட்டா சொல்லணும் அக்கா, எனக்கே ஒண்ணும் முழுசாத் தெரியாது" என்று உள்ளதைச் சொல்லுங்கள்.