மனநல மருத்துவர் இல்லாத இடத்தில் மனச்சோர்வுக்குச் சிகிச்சை உண்டா?

மனநல மருத்துவரே இல்லாத இடத்தில் மனச்சோர்வுக்கு என்ன வழி என்று கேட்டிருக்கிறீர்கள். வழி இருக்கிறது. ஜிம்பாப்வேயில் மருத்துவர் டிக்சன் சிபாண்டா 2006-இல் தொடங்கிய 'நட்பு பெஞ்ச்' திட்டத்தில், பயிற்சி பெற்ற பாட்டிமார்கள் சுகாதார நிலையத்துக்கு வெளியே மரப் பெஞ்சில் உட்கார்ந்து ஆலோசனை தருகிறார்கள். வெறும் ஆறுதல் பேச்சு இல்லை. மனத்தை அழுத்தும் பிரச்சினைகளைச் சொல்ல வைத்து, அதில் ஒன்றை மட்டும் எடுத்து, அடுத்த சந்திப்புக்குள் செய்யக்கூடிய சின்ன வேலை ஒன்றை முடிவு செய்வார்கள். லேசான மனச்சோர்வுக்குப் பெரும்பாலும் இதுவே போதும்.

கடுமையானால் மாத்திரையும் வேண்டும். ஃப்ளூவாக்செட்டின் என்ற மனச்சோர்வு மாத்திரையைப் பொது மருத்துவரே எழுதித் தரலாம், விலையும் குறைவு. பலன் தெரியச் சில வாரம் ஆகும். பத்தே நாளில் "கேட்கவில்லை" என்று நிறுத்திவிடுபவர்களும் உண்டு. அவர்களைத் தொடர வைப்பதும் ஆலோசகர் வேலைதான். தற்கொலை எண்ணம் இருந்தால் மட்டும் காத்திருக்க வேண்டாம், உடனே மருத்துவமனை.