கலங்கல் தண்ணீர்

கேள்வி: அட்லாண்டாவில் வேலை பார்க்கும் என் மகன் காரில் அடிக்கடி 'சாட்டஹூச்சி' என்றொரு பாட்டைப் போடுகிறான். மெட்டு குதியாட்டம் போடுகிறது. ஆனால் அவனோ அதை இளமையை எண்ணி ஏங்கும் பாட்டு என்கிறான். இதில் ஏக்கம் எங்கே இருக்கிறது?
– வாசகி, கும்பகோணம்

பதில்: உங்கள் மகன் சொல்வது சரிதான். ஆலன் ஜாக்சனும் ஜிம் மெக்பிரைடும் சேர்ந்து எழுதி, ஜாக்சன் பாடி, 1993இல் தனிப்பாடலாக வெளிவந்த அமெரிக்க நாட்டுப்புறப் பாணிப் பாடல் அது. கன்ட்ரி என்று அங்கே சொல்வார்கள். விரைவான மெட்டில் ஒரு பாட்டு எழுத இருவரும் முயன்றுகொண்டிருந்தபோது, சாட்டஹூச்சி என்ற ஆற்றின் பெயர் வரும் முதல் அடியோடு மெக்பிரைடு வந்து சேர்ந்தார் என்று ஜாக்சன் சொல்லியிருக்கிறார்.

பாட்டில் பெரிய சம்பவம் எதுவும் இல்லை. வெள்ளிக்கிழமை இரவில் ஆற்றங்கரையில் கூடும் பையன்கள், நிலவொளியில் கோபுரமாக அடுக்கிய காலி டப்பாக்கள், கார்களைப் பற்றிய ஓயாத பேச்சு, காதலி இன்னும் தயாரில்லை என்றதால் பர்கரோடும் திராட்சைச் சுவை ஐஸோடும் திருப்திப்பட்டுக்கொண்ட ஒரு மாலை, அவ்வளவுதான். ஏக்கம் வினைச்சொற்களில் ஒளிந்திருக்கிறது. அந்த ஆற்றங்கரையின் வெக்கையை மட்டும் நிகழ்காலத்தில் சொல்லும் பாட்டு, அங்கே ஆடிய பையன்களைப் பெரும்பாலும் இறந்தகாலத்திலேயே பேசுகிறது. ஆறு இருக்கிறது, அவர்கள் இல்லை. அந்தக் கலங்கல் தண்ணீரின் அருமை அப்போது தெரியவில்லை என்று நடுவே ஓர் அடி வருகிறது, அதையும் மெட்டு நிற்காமல் தாண்டிப்போய்விடுகிறது.

நம் புறநானூற்றின் 243ஆம் பாட்டிலும் இதே ஆட்டம் உண்டு. தாழ்ந்த மருதக் கிளையிலேறி, கரையில் நிற்பவர்கள் வியக்க மடுவில் குதித்து, அடி மணலை அள்ளி வந்த இளமையைத் தொடித்தலை விழுத்தண்டினார் நினைக்கிறார். ஆனால் அங்கே கோலூன்றி, இருமலுக்கிடையே சில சொற்களே பேசும் கிழவர் நம் கண்முன் நிற்கிறார். ஜாக்சன் அந்தக் கிழவரைப் பாட்டுக்குள் விடவேயில்லை. புறப்பாட்டே ஆழமானது என்பேன். ஆனால் கார் ஓட்டும்போது கேட்க உங்கள் மகன் தேர்ந்ததைக் குறை சொல்ல மாட்டேன்.

கேள்வி: அந்த ஆறு எங்கே ஓடுகிறது? அதன் தண்ணீர் ஏன் கலங்கல்?
– வாசகர், கரூர்

பதில்: அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், வடக்கே புளூ ரிட்ஜ் மலைகளில் பிறந்து, அட்லாண்டாவை ஒட்டி இறங்கி, அதன்பின் ஜார்ஜியாவுக்கும் அலபாமாவுக்கும் எல்லையாக நீண்ட தொலைவு ஓடி, ஃபிளின்ட் ஆற்றோடு கூடிய பிறகு அப்பலாச்சிகோலா என்று பெயர் மாறி மெக்சிகோ வளைகுடாவில் சேர்கிறது. நீளம் ஏறக்குறைய 690 கிலோமீட்டர். ஜாக்சன் 1958இல் பிறந்த நியூனன் என்ற ஊர் இந்த ஆற்றுக்கு அருகில்தான் இருக்கிறது. அந்தப் பகுதி முழுவதும் களிமண் கலந்த செம்மண் பூமி. ஒரு மழை பெய்தால் போதும், ஆறு சிவந்துவிடும்.