பகாக் காரணி எதற்கு?

அன்புள்ள ஐயா,

என் மகன் ஆறாம் வகுப்பு. ஓர் எண்ணை, அதற்கு மேல் உடையாத பகா எண்களின் பெருக்கலாக எழுதும் பகாக் காரணிக் கணக்கு என்றாலே அழுகை. 360-க்குக் காரணிச் செடி போட்டு முடிப்பதற்குள் அரை மணி நேரம் போய்விடுகிறது. செல்போனில் தட்டினால் நொடியில் விடை வருகிறது. இதைக் கையால் ஏன் செய்ய வேண்டும்? வாழ்க்கையில் என்ன பயன்? 1 ஏன் பகா எண் இல்லை என்றும் கேட்கிறான். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

பையனை அடிக்காமல், திட்டாமல் எனக்கு எழுதினீர்களே, அதற்கு நன்றி. அழுதால் அன்றைக்கு நோட்டை மூடிவிடுங்கள். கணக்கு எங்கும் ஓடிவிடாது.

1-ஐப் பகா எண்ணாகச் சேர்த்தால் 6-ஐ 2 × 3, 1 × 2 × 3, 1 × 1 × 2 × 3 என்று முடிவே இல்லாமல் எழுதலாம். ஓர் எண் பகா எண்களாக ஒரே ஒரு விதமாகத்தான் உடையும் என்ற அழகான விதி போய்விடும். அதனால் 1 வெளியே.

பயன் என்ன என்று மட்டும் கேட்காதீர்கள், அதுவும் அவன் காதுபட. அவன் செஸ் ஆடும்போது கேட்பீர்களா? முந்நூறு இலக்கப் பகா எண்கள் இரண்டைக் கவனமாகத் தேர்ந்தெடுத்துப் பெருக்கிக் கொடுத்தால், இன்றைய எந்தக் கணினியாலும் அதைத் திரும்பப் பிரிக்க முடியாது. 1977-ல் ரிவெஸ்ட், ஷமீர், அடில்மன் மூவரும் உருவாக்கிய ரகசியக் குறியீடு அதை நம்பித்தான் நிற்கிறது. பயனுக்கு இது போதும்.

சில நாட்களாக என் மனதில் ஓடுவது வேறு. 2-ன் 67-ஆம் அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்தால் 21 இலக்க எண் ஒன்று வரும். அது பகா எண் என்று 1644-ல் மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி எழுதினார். இல்லை, அது உடையும் என்று 1876-ல் பிரெஞ்சுக் கணித அறிஞர் எடுவார் லூக்கா நிரூபித்தார். ஆனால் எப்படி உடையும்? அது அவருக்கே தெரியாது! ஒரு காரணியைக்கூடக் கண்ணால் பார்க்காமல், காரணி இருக்கிறது என்று ஒரு மனிதரால் அடித்துச் சொல்ல முடிந்திருக்கிறது. இந்த இடத்தைத் தயவுசெய்து இன்னொரு முறை படியுங்கள். உடையும் என்று அறிவது ஒரு வேலை, உடைப்பது முற்றிலும் வேறு வேலை. 27 ஆண்டுகள் அந்த எண் அப்படியே கிடந்தது. 1903-ல் நியூயார்க்கில் நடந்த அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டத்தில் கணிதப் பேராசிரியர் ஃபிராங்க் நெல்சன் கோல் கரும்பலகையில் 193707721 × 761838257287 என்று எழுதிப் பெருக்கிக் காட்டினார். ஒரு வார்த்தை பேசவில்லை என்பார்கள். மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகள் அதற்குச் செலவானதாம். 2002-ல் கான்பூர் ஐஐடியின் அகர்வால், கயால், சக்சேனா மூவரும், ஓர் எண் பகா எண்ணா என்று விரைவாகவும் உறுதியாகவும் தீர்மானிக்கும் வழியைக் கொடுத்தார்கள். அதுவும் காரணிகளைத் தராது. அறிவதற்கும் உடைப்பதற்கும் நடுவே உள்ள அந்த இடைவெளி இன்னும் மூடவில்லை. நொடியில் விடை தரும் செல்போன், இப்படி ஓர் இடைவெளி இருப்பதையே பையனிடமிருந்து மறைத்துவிடுகிறது.

360 சலிப்பான எண், 2-ஆல் போய்க்கொண்டே இருக்கும். சின்ன வயதில் நாங்கள் பஸ் டிக்கெட் எண்களை உடைத்துப் பார்ப்போம். அப்படி அவனுக்கு 10403-ஐக் கொடுங்கள். 102 × 102 = 10404, அதனால் உடைந்தால் சின்னக் காரணி 102-க்குள்தான் இருக்கும், அதைத் தாண்டித் தேட வேண்டாம் என்று மட்டும் சொல்லுங்கள். 100-க்குள் இருக்கும் 25 பகா எண்களில் ஒன்றாலும் வகுபடாது. இதை அவனிடம் சொல்லிவிடாதீர்கள். விடையை நான் இங்கே எழுதப்போவதில்லை, நீங்களும் செல்போனை எடுக்காதீர்கள்.