தலையில் அடிபட்டவர் தொடர்ந்து ஆடலாமா? யார் முடிவு செய்வது?

கேள்வி: எங்கள் கால்பந்து அணிக்கு நான் மேலாளர். போன வாரம் பந்தைத் தலையால் முட்டப் போன எங்கள் டிஃபென்டர் எதிரணி வீரரோடு மோதி, சில நொடி அசையாமல் கிடந்தான். எழுந்ததும் "ஒண்ணுமில்லண்ணே, ஆடறேன்" என்றான். பயிற்சியாளரும் விட்டுவிட்டார். டாக்டர் இல்லாத மைதானத்தில் இந்த முடிவை யார் எடுக்க வேண்டும்?

பதில்: முதலில், அவரை இன்னும் டாக்டரிடம் காட்டவில்லை என்றால் இன்றே கூட்டிப்போங்கள். அதுவரை பயிற்சிக்குக்கூட விடாதீர்கள்.

இப்போது உங்கள் கேள்வி. அடிபட்டவரும் முடிவு செய்யக் கூடாது, பயிற்சியாளரும் கூடாது. அடிபட்டது மூளை, அதே மூளையிடம் "நீ நல்லா இருக்கியா?" என்று கேட்பது, குடித்தவரிடம் வண்டி ஓட்ட முடியுமா என்று கேட்பது மாதிரிதான். 2014 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் ஜெர்மனியின் கிறிஸ்டோஃப் கிராமர், அர்ஜென்டினா வீரரின் தோள் முகத்தில் இடித்த பிறகும் கால் மணி நேரம் போல ஓடிக்கொண்டிருந்தார். நடுவர் ரிசோலியிடம் வந்து, "இது ஃபைனல்தானா?" என்று கேட்டாராம். நடுவர் முதலில் விளையாட்டுக்குக் கேட்கிறார் என்றே நினைத்திருக்கிறார். ஓடுகிறார், பேசுகிறார், ஆனால் எங்கே இருக்கிறோம் என்பதே தெரியவில்லை!

பயிற்சியாளருக்கோ ஜெயிக்க வேண்டும். 2013 நவம்பரில் இங்கிலாந்தின் பிரீமியர் லீக் தொடரில் எவர்டனுக்கு எதிரான ஆட்டத்தில் டாட்டனம் கோல்கீப்பர் ஊகோ யோரிஸ் நினைவிழந்து விழுந்தார். ஆனாலும் தொடர்ந்து ஆடினார். பயிற்சியாளர் வில்லாஸ் போவாஸ், முடிவு தன்னுடையது என்றார். கண்டனம் குவிந்தது. அடுத்த சீசனில் பிரீமியர் லீக், நினைவிழந்தவர் திரும்பவே கூடாது, மற்றவர்கள் விஷயத்தில் அணி டாக்டர் சொல்வதே இறுதி என்று விதி கொண்டுவந்தது.

டாக்டர் இருந்தால் மட்டும் போதுமா? போதாது. அதே 2014 உலகக் கோப்பையில் உருகுவேயின் அல்வாரோ பெரேரா விழுந்து கிடந்தபோது, மாற்று வீரரை இறக்கச் சொல்லி டாக்டர் சைகை காட்டினார். பெரேரா கையை ஆட்டி மறுத்துவிட்டு உள்ளே ஓடினார். முடிவெடுப்பவரின் பேச்சை யாரும் மீற முடியாது என்பதுதான் முக்கியம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. இப்போதைய கால்பந்து விதி, போட்டி நடத்துபவர்கள் விரும்பினால், தலையில் அடிபட்டவருக்குப் பதில் கூடுதலாக ஒரு மாற்று வீரரை அனுமதிக்கிறது. வெளியே போனவர் திரும்ப முடியாது. ரக்பியில் தற்காலிக மாற்று உண்டு. சோதித்துப் பார்க்க நிதானமாக நேரம் கிடைக்கும். கால்பந்தில் டாக்டர் மைதானத்திலேயே, ரசிகர்கள் கத்திக்கொண்டிருக்க, அவசரத்தில் பார்க்க வேண்டியிருக்கிறது. என்னைக் கேட்டால் ரக்பி வழிதான் சரி. ஆனால் அது டாக்டர் இருக்கும் மைதானத்துக்கு மட்டும்.

உங்கள் மைதானத்தில் ஆட்டத்துக்கு முன்பே ஒருவரை நியமித்துவிடுங்கள். பயிற்சியாளரும் கேப்டனும் வேண்டாம். முதலுதவி தெரிந்தவர் என்றால் நல்லது. பெயரை இரு அணிக்கும் நடுவருக்கும் சொல்லிவிடுங்கள். அவர் நோய் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. சந்தேகம் வந்தால் வெளியே, அன்று திரும்பக் கூடாது, அவ்வளவுதான். பலமான அடி என்று தோன்றினால் ஆட்டத்தை நிறுத்தி வீரரை வெளியேற்ற நடுவருக்கும் அதிகாரம் உண்டு.

நினைவு தப்பினால் பேச்சே இல்லை. ஆனால் பெரும்பாலும் நினைவு தப்புவதில்லை. தள்ளாட்டம், வெறித்த பார்வை, தலைவலி, குமட்டல், கேட்டதையே திரும்பக் கேட்பது, இதில் ஒன்று போதும். "இது எந்த மைதானம்? கடைசி கோலை யார் போட்டது? போன மேட்ச் ஜெயிச்சோமா?" என்று கேட்டுப் பாருங்கள். தப்பாகச் சொன்னால் வெளியே. சரியாகச் சொன்னதற்காக மட்டும் உள்ளே விட வேண்டாம். அறிகுறி சில மணி நேரம் கழித்தும் வரும்.

திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, கை கால் மரப்பு, கழுத்து வலி, எழுப்ப முடியாத தூக்கம் என்றால் நேரே அவசரப் பிரிவுதான். கழுத்து வலித்தால் அவரை நீங்களாக அசைக்காதீர்கள். ஸ்கேன் 'நார்மல்' என்று வந்தாலும் மூளை அதிர்ச்சி (கன்கஷன், அதாவது அடியால் மூளை குலுங்கித் தடுமாறுவது) இல்லை என்று ஆகாது, அது பெரும்பாலும் ஸ்கேனில் தெரியாது.

முதல் ஓரிரு நாள் ஓய்வு, அப்புறம் படிப்படியாகப் பயிற்சி. டாக்டர் இல்லாத உள்ளூர் அணிகளுக்கு பிரிட்டன் வழிகாட்டுதல், குறைந்தது 21 நாளுக்குப் போட்டி கூடாது என்கிறது. அதையே நீங்களும் வைத்துக்கொள்ளலாம். அன்று இரவு அவரைத் தனியாக விடாமல், பைக் ஓட்ட விடாமல், எதைக் கவனிக்க வேண்டும் என்று வீட்டாரிடம் சொல்லி அனுப்புவதும் அந்த நியமித்த ஆளின் வேலையாகவே இருக்கட்டும்.